துருவங்களை எங்கே வைப்பது

அன்பு மகள் சில்வண்டுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாயிருப்பாய் என்று நம்புகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, சமையலறைக் குழாய்தான் ஒழுகுகிறது, பிளம்பர் நாளைக்கு நாளைக்கு என்றே ஆளை ஏய்க்கிறான். உன் கட்டுரை வந்தது. முதல் பக்கத்திலேயே உன் பேராசிரியருக்கு நன்றி, மேட்ரிக்ஸைப் பார்க்கக் கண் கொடுத்தவராம். அப்படியானால் சாப்பாட்டு மேசையில் உனக்கு மேட்ரிக்ஸ் பெருக்கச் சொல்லிக்கொடுத்தவன் யார், பக்கத்து வீட்டுக்காரனா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலில்தான் உன் முறையைச் சோதித்தே தீருவது என்று எங்கள் கல்லூரிக் கணினி அறையில் போய் உட்கார்ந்தேன். பெரிய மேட்ரிக்ஸின் வர்க்கமூலத்தை முழுசாகக் காணாமல், ஒரு வெக்டர்மேல் அதன் பலனை மட்டும் கணக்கிட வேண்டும், அவ்வளவுதானே. நான் காலமெல்லாம் கிரைலோவ் வெளியைப் பெருக்கியே வளர்த்தவன், வெக்டரை மேட்ரிக்ஸால் பெருக்கு, வந்ததை மறுபடி பெருக்கு, சேர்ந்ததற்குள் விடையைத் தேடு. நீயோ ஒவ்வோர் அடியிலும் துருவம் என்று ஓர் எண்ணைத் தேர்ந்து, மேட்ரிக்ஸின் மூலைவிட்டத்திலிருந்து கழித்து, கழித்து வந்த மேட்ரிக்ஸால் வகுக்கிறாய். எண்ணை எங்கே எடுப்பது என்று உன் கட்டுரையைப் புரட்ட ரோஷம் விடவில்லை. பழக்க தோஷத்தில் மேட்ரிக்ஸுக்கே உரிய எண்களான ஐகன் மதிப்புகள் கிடக்கிற இடத்திலேயே வரிசையாக வைத்தேன். விடை தாறுமாறாகப் பறந்தது. எனக்கு வாயெல்லாம் பல்! வீட்டுக்கு ஓடிவந்து, உன் பொண்ணோட வாத்தியார் கோட்டை விட்டுட்டாரு என்றேன் அம்மாவிடம். புள்ள தப்பு பண்ணதுல உங்களுக்கு என்ன இவ்ளோ சந்தோஷம் என்று கேட்டுவிட்டு அவள் வாளியை மாற்றப் போய்விட்டாள்.

சுருக்கென்றது. அப்புறம்தான் ஒழுங்காகப் படித்தேன். ஐகன் மதிப்புகள் எல்லாம் நேர் எண்கள், வர்க்கமூலம் முரண்டுபிடிப்பது எதிர் எண்கள் பக்கம், துருவங்களை அங்கேதான் வைக்கவேண்டும் என்று தெளிவாக எழுதியிருக்கிறாய். நான் பூஜ்யத்தால் வகுப்பதுபோல, வகுக்கவே கூடாத இடத்தில் போய் வகுத்திருக்கிறேன், மூக்கு உடைந்தது. மாற்றி வைத்ததும் காப்பி ஆறுவதற்குள் விடை வந்து நின்றது, என் பெருக்கலுக்கு அரைநாள் பிடிக்கிற கணக்கு. பெருமைதான் போ. ஆனாலும் பொறாமை போகவில்லை. முன்பெல்லாம் கணக்கு இடித்தால் என்னிடம்தான் ஓடிவருவாய், இப்போது நீயும் உன் பேராசிரியரும் திருத்தி முடித்து அச்சுக்குப் போகிற பிரதிதான் எனக்கு வருகிறது, அதில் எனக்கு என்ன வேலை?

நீ எங்கிருந்தாலும் நன்றாயிரு, மேலும் மேலும் வா, அம்மாவின் ஆசீர்வாதமும் உண்டு. ஒன்றே ஒன்று மறந்துவிடாதே. அடுத்ததை அவருக்கு முன்னால் எனக்கு அனுப்பு, அரைகுறையாகவே அனுப்பு. ஒரு தப்பையாவது எனக்கென்று மிச்சம் வை.

உன் அப்பா