கப்பல் வண்டிக்கு ஒரு மாப்பிள்ளை

பூவார்
ஞாயிற்றுக்கிழமை, பூசை கழிந்து வந்து எழுதியது

அன்பு மகன் மெல்பினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் கிருபையால் இங்கே நானும் உன் அப்பாவும் நான்கு கோழியும் உயிரோடு இருக்கிறோம், நலமாக இருக்கிறோமா என்பதைக் கடிதம் முழுக்கப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். உனக்கும் அங்கே உன் பக்கத்தில் இருப்பவளுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன், அவள் பெயரைச் சத்தமாகச் சொல்லி ஜெபிக்க முடியாத நிலையில் என்னை வைத்திருக்கிறாய் என்பதையும் கர்த்தரிடம் சொல்லியிருக்கிறேன்.

தினமும் போனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று கேட்பாய். சாயங்காலம் ஏழரை ஆனதும் உன் அப்பா போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்து அதற்கு நேர் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார், அதில் நான் எதைப் பேச முடியும், கத்தரிக்காய் குழம்பைத் தவிர? வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் வீட்டில் இருப்பது ஒரு போன், அதுவும் முழு நேரமும் அவர் கையில். அவருக்குத் தமிழ் பேசத் தெரியும், படிக்கத் தெரியாது, படித்ததெல்லாம் மலையாளம். நித்திரவிளையிலிருந்து எல்லை தாண்டி இங்கே கட்டிக்கொண்டு வந்தவள் நான், பிடிவாதமாக உனக்கு ஐந்து வயதில் காதைத் திருகித் திருகிச் சொல்லிக்கொடுத்த தமிழ் இதற்காவது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன். என் அண்ணன் மகள் லிஷா வியாழக்கிழமை உங்கள் மிச்சிகனுக்கு வேலைக்குப் புறப்படுகிறாள், அவள் பெட்டியில் மிளகாய்ப் பொடிக்கும் சுக்குப் பொடிக்கும் நடுவில் இது வரும். அவளும் தமிழ் படிப்பாள், அதனால் உறையை நன்றாக ஒட்டிவிடப் போகிறேன்.

முதலில் உன் அப்பாவின் காரைப் பற்றி எழுதுகிறேன், கடைசியில் எல்லாம் அதில்தான் வந்து முடிகிறது. அந்தப் பிளிமத் காரின் சரித்திரத்தை எங்கேயோ படித்து, அதை உட்கார்ந்து மலையாளத்தில் சொல்லி, ஒலிப்பதிவாக அனுப்பிவைத்தாயே, உனக்கு வேறு வேலை இல்லையா? அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நிம்மதி போயிற்று. மீன் சந்தையில் அதே பேச்சு, முடிவெட்டும் கடையில் அதே பேச்சு, துக்க வீட்டில் பெட்டி மூடுவதற்கு முன்னால்கூட ஒருவரைப் பிடித்துவைத்துக்கொண்டு அதே பேச்சு. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தெட்டில் தொடங்கினார்களாம், பெரிய பணக்காரனுக்கும் இல்லாமல் ஒன்றும் இல்லாதவனுக்கும் இல்லாமல் நடுத்தரக்காரனுக்கென்று செய்த வண்டியாம், அமெரிக்காவில் பஞ்சம் வந்து மற்றவர்கள் எல்லாம் கை பிசைந்து நின்றபோது இது மட்டும் ஓடி ஓடி விற்றதாம், வெகுகாலம் அந்த நாட்டில் மூன்றாம் இடமாம். பம்பாயில் பாகங்களைக் கூட்டிப் பூட்டி இங்கேயும் விற்றார்களாம், நெய்யாற்றின்கரையிலிருந்து திருவனந்தபுரத்துக்கு அந்தக் காலத்தில் டாக்ஸியாக ஓடியதில் இதுவும் உண்டாம். அது எனக்கும் தெரியும், உன் தாத்தா நெய்யாற்றின்கரை டாக்ஸிக்காரர் ஒருவரிடமிருந்துதானே இதை வாங்கினார், வாங்கிய காரணமும் ஊருக்கே தெரியும். மூக்கில் ஒரு பாய்க்கப்பல் இருந்தது. கப்பல் வைத்த வண்டி என்றால் அது கடலில் போகிறவனுக்காகச் செய்ததாகத்தான் இருக்கும் என்று அந்த மனுஷர் நம்பிவிட்டார். அமெரிக்காக்காரனுக்குப் பூவாரையும் பொழியூரையும் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை.

இதில் கடைசிப் பாகம்தான் உன் அப்பாவுக்கு மிகவும் பிடித்தது. கொஞ்ச காலம் கழித்து அந்தக் கம்பெனி மூக்கிலிருந்த கப்பலை எடுத்துவிட்டதாம், பிறகு அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே துணியில் சட்டை தைத்த மாதிரி ஒரே வண்டியை இரண்டு பெயரில் விற்றார்களாம், யார் எது என்று வாங்குகிறவனுக்கே தெரியாமல் போயிற்றாம். தொண்ணூறுகளில் புத்தி வந்து கப்பலைத் திரும்ப வைத்தார்களாம், ஆனால் இரண்டாயிரத்து ஒன்றில் கடையைச் சாத்திவிட்டார்களாம். இதைச் சொல்லி முடித்துவிட்டு உன் அப்பா கேட்பவர் முகத்தைப் பார்த்து, "கப்பல எடுத்த அன்னிக்கு முங்கினதாக்கும், பின்ன வச்சு என்ன பிரயோசனம்" என்பார். பெற்ற கம்பெனியே வேண்டாமென்று விட்டு இருபத்தைந்து வருஷம் ஆகப்போகிறது, இங்கே பூவாரில் ஒருத்தர் ஓலைக்கொட்டகை போட்டு அதைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறார். நீ அங்கே ஓட்டுவது ஜப்பான் வண்டி என்பதை மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டார், கேட்டால் இருமுவார்.

பழுது பார்ப்பது உதியன்குளங்கரை கிருஷ்ணன்குட்டி அண்ணன் ஒருத்தர்தான், வேறு யார் கையும் அந்த வண்டியில் படக்கூடாது. இரண்டு பேரும் சேர்ந்து முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டு வண்டியை ஓட்டாமலேயே மணிக்கணக்கில் பேசுவார்கள். கப்பலின் பாய்மரம் ஒடிந்தபோது அண்ணன்தான் பித்தளையில் ஒன்று செய்து ஒட்டினார், பார்த்தால் கப்பல் மாதிரியும் இல்லை கோழி மாதிரியும் இல்லை. அதனால்தான் நீ ஜூன் மாதம் பழைய சாமான் சந்தையில் அசல் கப்பல் ஒன்று கிடைத்தது என்று கையில் வைத்துப் படமெடுத்து அனுப்பியதும் உன் அப்பா அழுதேவிட்டார். நான்கு மாதமாக அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறார், போன் சூடாகிவிடுகிறது.

இனிமேல்தான் விஷயம். போன மாதம் திருநாளில் படகு ஆசீர்வாதம் நடந்தது. உனக்குத் தெரியுமே, கரையில் படகெல்லாம் வரிசையாக நிற்கும், பங்கு அச்சன் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வருவார், அந்த வரிசையின் கடைசியில் நம் வீட்டுக் காரும் நிற்கும். உன் தாத்தா தொடங்கிவைத்த கிறுக்கு, கப்பல் இருப்பதால் இதுவும் படகுதான் என்று. எத்தனையோ அச்சன்மார் மாறிவிட்டார்கள், ஒருத்தராவது முடியாது என்று சொன்னதில்லை. இந்த முறை மழை பெய்து மணல் இளகிக் கிடந்தது, போகாதீர்கள் என்று கெஞ்சினேன், கேட்டால்தானே. தீர்த்தம் விழுந்த கொஞ்ச நேரத்தில் பின்சக்கரம் இரண்டும் பாதிக்குமேல் இறங்கிவிட்டது, வேலியேற்றம் வேறு, கடல் ஏறி வந்துகொண்டிருந்தது. உன் அப்பா முட்டளவு தண்ணீரில் நின்று கையை விரித்துக்கொண்டு பார்க்கிறார். சஜிதான், பக்கத்து வள்ளக்காரன், கரையில் நின்று கரமடி வலை இழுக்கும் பெரிய கயிற்றை எடுத்து வந்து கட்டினான். ஆணும் பெண்ணுமாக முப்பத்தெட்டுப் பேர் கயிற்றைப் பிடித்தார்கள், வலைக்குப் பாடும் பாட்டையே பாடி இழுத்தார்கள். வண்டி மேலே வந்தது, அப்பாவின் மானம் அங்கேயே கிடந்தது.

அத்தோடு போயிருக்கலாம். கரமடிக் கயிற்றில் கைவைத்தவன் யாராக இருந்தாலும் பங்கு கொடுக்காமல் அனுப்பக்கூடாது என்பது இந்தக் கரையில் உள்ள வழக்கம், வழிப்போக்கன் ஒரு நிமிஷம் பிடித்தாலும் கையில் நான்கு மீனாவது கொடுத்துத்தான் விடுவார்கள். சஜி சிரித்துக்கொண்டே, "பயஸ் அண்ணா, நாங்க இழுத்ததுக்கு எங்களுக்க பங்கு எங்க?" என்று கேட்டான். விளையாட்டுக்குக் கேட்டது. உன் அப்பா காரின் படிமேல் ஏறி நின்று, அத்தனை பேரும் கேட்க, "பங்கு உண்டும்லே. ஜனவரியில எனக்க மவன் மெல்பின் இந்த வண்டியில கல்யாணத்துக்குப் போறான். கயித்தப் பிடிச்ச அத்தன பேருக்கும் அன்னைக்கு இலையில பங்கு" என்று சொல்லிவிட்டார். ஜனங்கள் கைதட்டினார்கள். அச்சன்கூடக் கைதட்டினார். நான் எங்கே போய் முட்டிக்கொள்ள?

மெல்பினே, போன நவம்பரில் நீ என்னிடம் மட்டும் ரகசியமாகச் சொன்னாய், தனுவச்சபுரத்தில் என்னோடு படித்த அமிர்தாவும் நானும் இங்கே ஆபீசில் கல்யாணத்தை எழுதிப் பதிவு செய்துவிட்டோம், விசாவுக்கு அவசரம், அப்பாவிடம் நேரம் பார்த்து நானே சொல்கிறேன், அதுவரை மூச்சு விடாதே என்று. பதினோரு மாதமாக நான் மூச்சு விடவில்லை. அவள் நல்ல பிள்ளை, அவள் அம்மா சத்யபாமா டீச்சரும் தங்கமான மனுஷி, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வேறு மதத்துப் பிள்ளை என்றாலும் பிஷப்பிடம் அனுமதி வாங்கி, உன் அப்பா பள்ளி என்று சொல்கிற நம் மாதா கோயிலில் வைத்து நடத்த வழி உண்டு என்று அச்சனிடம் யாருக்கோ கேட்பதுபோலக் கேட்டும் வைத்தேன். ஆனால் நீ நேரம் பார்த்து முடிப்பதற்குள் உன் அப்பா முப்பத்தெட்டுப் பேருக்குச் சாப்பாடு சொல்லிவிட்டார். காருக்குக் கறுப்புப் பெயின்ட் அடிக்க ஆள் வந்துவிட்டது. கயிறு பிடித்த லேகா என்னைக் காணும்போதெல்லாம் பெண் எந்த இடத்தில் என்று கேட்கிறாள், நான் வயிற்றுவலி என்று வீட்டுக்கு ஓடி வருகிறேன். உனக்குப் பயம் என்றால் எனக்கு மட்டும் இல்லையா? ஏற்கெனவே முடிந்துபோன கல்யாணத்துக்கு ஊர் முன்னால் நாள் குறித்திருக்கிற மனுஷன், அது தெரியவந்தால் இந்தக் கரையில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்? அதுதான் என் நெஞ்சில் கிடந்து அறுக்கிறது. அவரோடு ஆயிரம் சண்டை போடுவேன், அவரைப் பார்த்து ஊர் சிரிக்க நான் சம்மதிக்க மாட்டேன்.

இதுவரை எழுதி வைத்துவிட்டுச் சோறு வடிக்கப் போனேன். திரும்பி வந்தால் உன் அப்பா இந்த மேசைப் பக்கத்தில் நிற்கிறார், கையில் போன். எனக்கு உயிர் போய்விட்டது. தாளை எடுத்து மறைத்தேன். அவர் தாளைப் பார்க்கவே இல்லை. பழைய துணி இருந்தால் கொடு, கப்பலைத் துடைக்க வேண்டும் என்றார். கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போகாமல் அந்த நாற்காலியில் உட்கார்ந்து, நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கி என் முன்னால் நீட்டினார். "சிசிலி, இஞ்ச பாரு. கப்பலுக்க அடியில ரெண்டு கை உண்டு. ஒண்ணு இவனுக்க கை, விரல்ல மோதிரம் கிடக்கு. மத்தது வளையல் போட்ட கை, அதிலயும் அதே மோதிரம்" என்றார். நான் கப்பலைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை, கை எங்கே பார்த்தேன். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். படம் வந்த அன்றைக்கே என்றார். அப்படியென்றால் மணலில் நின்று அத்தனை பேருக்கும் சொன்னது எதற்கு என்று கத்திவிட்டேன். அதற்கு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஆபீஸ்ல எழுதினது எழுதினதாட்டு இருக்கட்டும். எனக்குப் பள்ளி வாசல்ல வண்டி நிக்கணும், அவ்வளவுதான். ஊருக்க முன்ன சொன்னா அவனுக்குக் காதுல விழும், விழுந்தா அவனாட்டு வாயத் தொறப்பான்னு பாத்தேன். நான் தினமும் அந்த போனுக்க முன்ன என்னத்துக்கு இருக்கேன்னு நினைக்க? இன்னைக்குச் சொல்லுவான், இன்னைக்குச் சொல்லுவான்னாக்கும்."

நான் இத்தனை மாதமும் ஒட்டுக்கேட்க உட்காருகிறார், இடைஞ்சலுக்கு உட்காருகிறார் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். பார், எப்படிப்பட்ட அப்பனும் மகனும் எனக்கு வாய்த்திருக்கிறீர்கள், ஒருத்தன் சொல்ல மாட்டான், ஒருத்தர் கேட்க மாட்டார், நடுவில் நான் வயிற்றுவலி என்று ஊரை ஏமாற்றிக்கொண்டு. அடக்கமாட்டாமல் பிள்ளையின் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டித் தடுத்துவிட்டார். "நீ சொல்லாத. அவன் சொல்லட்டும்" என்று சொல்லிவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய்விட்டார். பெயரைக் கேட்டு முகம் சுளிப்பார் என்று பயப்படாதே, கிருஷ்ணன்குட்டி அண்ணனை முப்பது வருஷம் முன் சீட்டில் உட்காரவைத்த மனுஷர். சுளித்தால் நான் இருக்கிறேன். மேலே திட்டி எழுதியதில் ஒரு வரியையும் அடிக்கப் போவதில்லை, அதெல்லாம் உனக்குச் சேர வேண்டியதுதான்.

தண்ணீர் காய்ச்சிக் குடி. குளிர் தொடங்கியிருக்கும், காதை மூடிக்கொண்டு போ, அவளையும் மூடச் சொல். ஜனவரிக்கு லீவு இப்போதே எழுதிக் கொடு, தவக்காலம் வந்தால் பள்ளியில் நடத்த மாட்டார்கள். பின் கதவு உள்ளேயிருந்து திறக்காது, அமிர்தாவிடம் சொல்லி வை, அப்பா வெளியே நின்று திறந்துவிடுவார். அந்தக் கப்பலைப் பார்சலில் அனுப்பிவிடாதே, இரண்டு பேருமாகக் கையில் கொண்டு வாருங்கள். மாதா உங்கள் இரண்டு பேர் தலைமேலும் கைவைத்துக் காக்கட்டும், நானும் வைக்கிறேன்.

இந்தத் தாள் கிடைத்த அன்றைக்கே நம் ஊர் நேரம் ஏழரைக்குக் கூப்பிடு. நான் வாசலில் போய் நின்றுகொள்கிறேன். போன் மேசைமேல் இருக்கும், எதிரில் அவர் இருப்பார், நீ அவள் பெயரை மட்டும் சொன்னால் போதும்.

என்றும் உன் அம்மா
சிசிலி பயஸ்