பட்டியலில் இல்லாத சாவிக்கொத்து

அருமை மகனுக்கு உன் அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறோம், அங்கே நீயும் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு அதையே செய்துகொண்டிருப்பாய் என்று நம்புகிறேன். திடுக்கிடாதே, உன்னைப் பெற்றவள் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிறது, இது அவள் இல்லை. பள்ளிக்கூடத்துக்கு நேரமானால் எங்கம்மால்ல, எந்திரி தாயே என்று எனக்குப் பதினாறு வயதாகும் வரைக்கும் என்னைக் கெஞ்சினாயே, அந்த அம்மா. வீட்டில் பெரியவர்கள் இரண்டு பேரும் சின்னப்பிள்ளைத்தனமாக நடந்துகொண்டால் யாராவது ஒருத்தர் பெரிய மனுஷியாகத்தானே வேண்டும். ஆகவே இந்தக் கடிதத்தில் என் அம்மா எனக்கு மருமகள், தங்கச்சி குட்டி எனக்குப் பேத்தி. நீ, வா, போ என்று எழுதுவதற்குக் கோபித்துக்கொள்ளாதே, பெற்ற பிள்ளைக்கு யாராவது மரியாதை போட்டு எழுதுவார்களா.

வீட்டுச் செய்தி என்னவென்றால், இரண்டு வக்கீல்களும் சேர்ந்து எழுதிய பாகப்பிரிவினைப் பட்டியல் வந்துவிட்டது, நாலு பக்கம். வீட்டை விற்றுப் பாதிப் பாதி. சாப்பாட்டு மேசை மருமகளுக்கு, நாற்காலிகள் ஆளுக்கு இரண்டு, ஆக நீ உட்காரலாம், தட்டை வைக்கத்தான் இடமில்லை, மடியில் வைத்துக்கொள். தையல் மெஷின் அவளுக்கு, பிரிட்ஜ் உனக்கு. நாலாம் பக்கத்தில் மிக்ஸிக்குக் கீழே நாங்கள் இருக்கிறோம். பெரிய பெண் தகப்பனிடம், சின்னப் பெண் தாயிடம், லீவில் மாற்றிக்கொள்ளலாம். சரிசமமா பிரிச்சாச்சு, யாருக்கும் மனக்குறை இருக்காது என்று உன் வக்கீல் சொன்னாராம். நல்லவேளை நாங்கள் மூன்று பேராகப் பிறக்கவில்லை.

உன் பீரோவை முன்கூட்டியே ஆள் வைத்து ஏற்றிக்கொண்டு போனாயே, சுவரில் அது நின்ற இடம் மட்டும் புதுப் பெயிண்ட் மாதிரி வெளுப்பாக இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால் நாங்கள் இன்னும் அதைச் சுற்றித்தான் நடக்கிறோம். கையில் துணிமூட்டையோடு வரும் மருமகள்கூட அந்த இடத்தில் ஒதுங்கி வளைந்து போகிறாள். இல்லாத பீரோவில் குட்டி போன வாரம் முழங்கையை இடித்துக்கொண்டேன் என்று அழுதாள், நான் சிரிக்கவில்லை. பேய் பிடித்தால் மந்திரிக்கலாம், பீரோ பிடித்தால் என்ன செய்வது.

ஒரு தப்பு செய்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றுகிறேன். நீ போன முதல் வாரம், பிரிட்ஜ் மேலே நீ விட்டுப்போன சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு சாயங்காலம் ஆறரைக்கு வாசலுக்குப் போனேன். உன்னை மாதிரியே கிரில் கேட்டில் இரண்டு தட்டு, ஒரு செருமல், பிறகு யாருமே இல்லையா வீட்ல என்று உன் குரலில் ஒரு அதட்டல். சும்மா விளையாட்டுக்கு. உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது. குட்டி அப்பா என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். மருமகள் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள். சீ கழுதை என்று ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை, திரும்பி உள்ளே போய்விட்டாள். குட்டியிடம் அப்பா வந்தாரு, அவசரமா வேலைக்குக் கூப்பிட்டுட்டாங்க என்று புளுகினேன். அன்றைக்கு அவள் ஒழுங்காகச் சாப்பிட்டாள். அதிலிருந்து தினமும் ஆறரைக்கு நீ வருகிறாய். ஒருநாள் நிறுத்திப் பார்த்தேன், அவள் தட்டைத் தொடவில்லை. நான்தான் என்று தெரிந்தும் மெஷின் தினமும் அந்த நேரத்துக்கு நிற்கிறது.

வியாழக்கிழமை நீதிபதி என்னைத் தனியாக அழைத்து யாரிடம் இருக்க விருப்பம் என்று கேட்பாராம். அன்றைக்குத்தான் நீங்கள் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுகிறீர்கள். உன்னிடம் வரமாட்டேன் என்று நான் சொல்லப் போவதில்லை. ஆனால் நான் அங்கே வந்துவிட்டால் இங்கே ஆறரைக்கு

அப்பா, அந்த வரியை முடிக்கவில்லை. எழுதிக்கொண்டே இருந்ததில் மணியை மறந்துவிட்டேன். கேட்டில் இரண்டு தட்டு கேட்டது. பிறகு செருமல். நாற்காலி கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடினேன், நானே தினமும் செய்கிற சத்தம் என்பது மறந்துபோய் ஓடினேன். உள்ளே மெஷினும் நின்றது. வாசலில் குட்டி, கேட்டுக்கு வெளியே, கையில் உங்கள் சாவிக்கொத்து. எப்படிடி என்றேன். அவளுக்கு முதல் வாரமே தெரியுமாம். நீ அப்பாகிட்ட போயிட்டா அம்மாவுக்கு யாரு செய்வா, அதான் பழகிக்கிறேன் என்றாள். செருமல் சரியா வரலைல்ல என்று என்னிடமே கேட்கிறாள்.

நான் நீதிபதியிடம் ஒன்றுதான் சொல்லப் போகிறேன், எங்களை ஒரே பக்கம் எழுதுங்கள், அது யார் பக்கமாக இருந்தாலும் சரி என்று. நீங்களும் அதையே சொல்லுங்கள். பிரிட்ஜை வேண்டுமானால் இரண்டாக வெட்டிக்கொள்ளுங்கள்.

நன்றாக இருங்கள், நூறு வயது இருங்கள், வேலையில் கிரேன் மேலே ஏறும்போது பெல்ட் போடுங்கள். வியாழன் காலை பத்து மணி, நாலாம் பக்கம், மறக்க வேண்டாம். சாவிக்கொத்தை இதோடு வைத்து அனுப்பப் பார்த்தேன், குட்டி தரமாட்டேன் என்கிறாள்.

இப்படிக்கு,
உங்கள் அம்மா இல்லை,
உங்கள் பெரிய மகள்