அங்கிக்குள் ஒரு பச்சைக் கால்சட்டை

நவம்பர் 3, செவ்வாய்

பார்சல் வந்துவிட்டது. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பிரித்தேன். எலுமிச்சை நிறத்தில் சட்டை, கரும்பச்சையில் கால்சட்டை. பெரிய அளவுதான் கேட்டிருந்தேன். ஆனாலும் அதற்குள் நுழைந்து மேலே இழுக்கக் கால் மணி நேரம் ஆனது. உட்காருமிடத்தில் சின்னத் தலையணை மாதிரி ஒரு திண்டு வைத்துத் தைத்திருக்கிறார்கள்.

ஐம்பத்தோரு வயதில், நீர்ப்பாசன இலாகா இன்ஜினியருக்கு இதெல்லாம் தேவையா? தேவைதான்! போன வெள்ளிக்கிழமை காலையில் பாலத்தடியில் சைக்கிள் குழுத் தலைவி ஹாலா – என் மகள் வயது – என்னை ஏற இறங்கப் பார்த்தாள். ஆபீஸ் பேன்ட் போட்டிருந்தேன். செயினில் மாட்டாமலிருக்க அதன் நுனியைக் காலுறைக்குள் செருகியிருந்தேன். "அங்கிள், நீங்க பின் குழுவுல வாங்க" என்றாள். முன் குழு நைல் ஓரமாகவே இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஹெல்வான் வரை போய்த் திரும்பும். பின் குழு மொச்சை சாண்ட்விச் வண்டி வரை போய் உட்கார்ந்துவிடும். மூன்று சாண்ட்விச் சாப்பிட்டேன். மூன்றும் அவமானமாக இருந்தன.

எனக்கு முன் குழு வேண்டும். சும்மா சைக்கிள் வைத்திருக்கிற ஆளாக இல்லாமல், நிஜமான சைக்கிள்காரனாக.

நெவீன் கதவைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டாள். "முன்னாடி பாத்தா தர்பூசணி, பின்னாடி பாத்தா டயப்பர் கட்டின குழந்தை. எந்தப் பக்கத்தைக் காட்டிட்டு வெளிய போகப் போற, ரிஃப்அத்?"

ஒரு மனைவி பேசுகிற பேச்சா இது?

நவம்பர் 5, வியாழன்

உடை ஒரு பிரச்சினையே இல்லை. கீழே வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருக்கும் காவல்காரர் மவ்ஜூத்தான் பிரச்சினை. அவர் காலையில் பார்த்தது மத்தியானத்துக்குள் எட்டு மாடிக்கும் ஏறிவிடும், லிஃப்ட் ஓடாத நாளிலும்.

வழி கண்டுபிடித்துவிட்டேன். மேலே, பெருநாள் தொழுகைக்கு மட்டும் எடுக்கும் நீள வெள்ளை அங்கியைப் போட்டுக்கொண்டு இறங்குவது. பாலத்தடியில் கழற்றிச் சுருட்டி சீட்டுக்குப் பின்னால் கட்டிவிடுவது. அதுவும் விடிவதற்கு முன், நாலே முக்காலுக்கு. மனுஷர் நல்ல உறக்கத்தில் இருப்பார்.

நவம்பர் 6, வெள்ளி

நான் ஒரு முட்டாள். நாலே முக்கால் சுபுஹு நேரம், விடிகாலைத் தொழுகை!

மவ்ஜூத் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்த ஈரத்தோடு வாசலில் நின்றார். வெள்ளை அங்கியில் என்னைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்ஜினியர் சார்! சுபுஹுக்கா?"

என்ன சொல்ல? சைக்கிளைப் பிடித்துக்கொண்டு "ம்" என்றேன்.

"சைக்கிள் வேறயா? தூரத்துப் பள்ளிவாசலுக்குப் போனா நன்மை கூடத்தான். ஆனா இன்னிக்கு நம்ம தெருமுனைப் பள்ளிக்கே வாங்க, எங்கூட."

போனேன். எனக்கு நேர் பின்வரிசையில் அவர். ஒவ்வொரு தடவை சஜ்தாவில் நெற்றி தரையில் படக் குனியும்போதும் அந்தத் திண்டு அங்கிக்குள் எழும்பி நின்றது. அல்லாஹ் மன்னிக்கட்டும், தொழுகை முழுக்க எனக்கு அதே நினைப்பு.

பாலத்தடியில் அங்கியைக் கழற்றினேன். "அடேங்கப்பா அங்கிள்!" என்றாள் ஹாலா. முன் குழு! பாதி வழியில் இருக்கும் மஆதி வரை அவர்களோடு போனேன். அப்புறம் அவர்கள் புள்ளியாகிப் போனார்கள். பரவாயில்லை. நாற்பது நிமிடம் நான் முன் குழு. திரும்பும் வழியில் மறக்காமல் அங்கியை மாட்டிக்கொண்டுதான் தெருவுக்குள் நுழைந்தேன்.

நவம்பர் 7, சனி

தொடை எரிகிறது. உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

ஹாலாவுக்குப் போன் செய்தேன். "உள்ள ஏதாவது போட்டிருந்தீங்களா அங்கிள்? இந்தக் கால்சட்டைக்குள்ள ஒண்ணுமே போடக் கூடாது. அதான் உரசியிருக்கு."

ஒன்றுமே போடாமலா? இதை முதலிலேயே சொல்ல மாட்டார்களா? காலை அகட்டி அகட்டி நடந்து போய் ரொட்டி வாங்கி வந்தேன். மவ்ஜூத் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நவம்பர் 9, திங்கள்

மவ்ஜூத் மனைவி ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டிருக்கிறாள். கொண்டுவந்த மவ்ஜூத் குரலைத் தாழ்த்தினார் – அவர் குரலைத் தாழ்த்தினால் ஐந்தாவது மாடிக்குத்தான் கேட்கும்.

"வெந்நியில போட்டு உக்காருங்க சார். மூலத்துக்கு இதவிட மருந்து கெடையாது. எங்க ஊர்ல எல்லாருக்கும் இதுதான்."

"எனக்கு மூலமெல்லாம் இல்லண்ணே!"

"இதுல என்ன சார் வெக்கம்? அன்னிக்கு சஜ்தாவுலயே பாத்தேன். துணி வச்சுக் கட்டியிருந்தீங்க."

நெவீன் சமையலறையில் தரையில் உட்கார்ந்து சிரித்தாள். வாளியில் வெந்நீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு மறுபடி சிரித்தாள்.

நவம்பர் 13, வெள்ளி

இன்றும் அங்கி, இன்றும் தெருமுனைப் பள்ளி. முன் குழுவோடு மஆதி தாண்டி இன்னும் கொஞ்சம்.

மாலையில் லிஃப்டில் ஆறாவது மாடி அம்மாள். "இந்த நோயோட சைக்கிள் மிதிச்சுத் தொழப் போறீங்களாமே! என் பொண்ணு பரிட்சைக்குக் கொஞ்சம் துஆ செய்யுங்க ஹாஜியார்."

ஹாஜியாரா! நான் இன்னும் மக்கா போனதே இல்லை. வெட்கமாக இருக்கிறது. சைக்கிள்காரன் ஆகப் போனவன் மூலமுள்ள மகான் ஆகியிருக்கிறேன். உண்மையைச் சொல்லிவிடலாமா? சொன்னால் அந்தக் கால்சட்டையைக் காட்ட வேண்டியிருக்குமே.

அந்தப் பெண்ணுக்காக துஆ மட்டும் செய்துவிட்டேன். நிஜமாகவே.

நவம்பர் 20, வெள்ளி

உட்கார்ந்து நிதானமாக எழுத வேண்டும்.

மஆதிக்கு முன்பே சுருட்டிக் கட்டிய அங்கி அவிழ்ந்து பின்சக்கரத்தில் சிக்கியது. முன் குழு நிற்காமல் போய்விட்டது. பழக்கடைக்காரரிடம் கத்தி வாங்கி அறுத்து எடுத்தேன். ஒரு மணி நேரம். மிஞ்சியது அங்கியின் ஒரு கை மட்டும்.

திரும்பியிருக்க வேண்டும். ஆனால் எப்படித் திரும்புவது? இந்தக் கோலத்தில், பட்டப்பகலில், மவ்ஜூத் முன்னால்? இன்னும் கொஞ்சம் ஓட்டிவிட்டு யோசிக்கலாம் என்று ஓட்டினேன். அப்புறம் இன்னும் கொஞ்சம். எதிரே திரும்பி வந்துகொண்டிருந்த ஹாலா கையை ஆட்டி ஏதோ கத்தினாள். நிமிர்ந்து பார்த்தால் ஹெல்வான்! வீட்டுக்குப் போகப் பயந்தே ஹெல்வான் போய்ச் சேர்ந்த ஆள் இந்த கெய்ரோவில் நான் ஒருவன்தான்.

ஆனால் எப்படியும் வீட்டுக்குப் போய்த்தானே ஆக வேண்டும்? மத்தியானம் எங்கள் தெருவுக்குள் திரும்பினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை. பள்ளிக்குள் இடம் போதாமல் தெரு முழுக்கப் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லா முகமும் நான் வரும் திசையைப் பார்த்து. எலுமிச்சைச் சட்டை, பச்சைக் கால்சட்டை, உள்ளே திண்டு – நான்.

பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. திறக்கவில்லை. இருநூறு பேர் உதட்டைக் கடித்துக்கொண்டு பார்த்தார்கள். ஒருவர் தோள் குலுங்கியது. மவ்ஜூத் எழுந்து வந்தார். தன் சால்வையை எடுத்து என் இடுப்பைச் சுற்றிக் கட்டினார். பாயில் நகர்ந்து எனக்கு இடம் விட்டார். அழுகை வந்துவிட்டது எனக்கு.

தொழுகை முடிவில் கடைசி ஸலாம் சொன்னதுதான் தாமதம், தெருவே வெடித்துச் சிரித்தது. மவ்ஜூத் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப மூலம் இல்லியா சார்?"

"இல்லண்ணே. இது சைக்கிள் உடுப்பு. உங்களுக்குத் தெரிய வேண்டாம்னுதான் அங்கி. வெக்கப்பட்டுட்டேன். மன்னிச்சிருங்க."

அவர் கால்சட்டையைப் பார்த்தார், சைக்கிளைப் பார்த்தார். "இதுல எதுவரைக்கும் போனீங்க?"

"ஹெல்வான்."

"ஹெல்வானா! மிதிச்சேவா?" சுற்றி நின்றவர்கள் பக்கம் திரும்பினார். "டேய், சும்மா சிரிக்காதீங்கடா! உங்கள்ல எவனாவது ஹெல்வான் வரைக்கும் மிதிச்சிருக்கீங்களா?"

நவம்பர் 21, சனி

பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தேன். வைத்துக்கொள்ளச் சொன்னார். இவ்வளவு தூரம் மிதித்தால் என்றைக்காவது வருமாம்.

டிசம்பர் 4, வெள்ளி

சுபுஹு முடிந்து மவ்ஜூத்தோடு டீ. முன் குழுவோடு ஹெல்வான் போய் அவர்களோடேயே திரும்பினேன். எதிர்க்காற்று பலம். மஆதி பக்கம் ஹாலாவுக்கு முன்னால் நான் போய், அவள் மேல் படாமல் காற்றைத் தாங்கிக்கொண்டேன். பின்னாலிருந்து "இன்னும் கொஞ்சம் அழுத்து, ரிஃப்அத்!" என்று கத்தினாள். அங்கிள் இல்லை. வீடு வந்து சேர்ந்தபோது வயிறு காந்தியது.

நெவீன் துணி துவைக்கப் போட்டுக்கொண்டிருந்தாள். அங்கிருந்தே கேட்டாள்: "இன்னிக்கு எதைப் போட்டுட்டுப் போன?"

எதைப் போட்டேன் என்றே நினைவில்லை. குனிந்து என்னைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.