கல்வெட்டின் பதினோராம் பக்கம்

சிவமயம்

அரியாலை,
வைகாசி 2025.

அன்பு மகள் கீர்த்திகாவுக்கு,

நீயும் மருமகனும் நோய் நொடி இல்லாமல் இருக்க நல்லூரானை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். என் சுகத்தைக் கேட்டால், பிரஷர் அடங்கித்தான் கிடக்கிறது, கழுத்து நோ விட்டபாடில்லை, மனம்தான் கொதித்துக்கொண்டிருக்கிறது. இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று சிரிப்பாய். வாட்ஸ்அப்பில் குரலாக அனுப்பினால் நீ அதை வெட்டி ஒட்டி, முன்னுக்கும் பின்னுக்கும் இசை போட்டு, வெள்ளிக்கிழமை நம் பொட்காஸ்டில் விட்டுவிடுவாய் என்ற பயத்தில்தான் பேனையை எடுத்தேன். போன கிழமை தொலைபேசியில், ஏரம்பு ஐயாவின் நினைவுப் புத்தகத்தில், அதுதான் கல்வெட்டில், நான் பக்கம் மாற்றி அனுப்பிய கதையைப் பாதி சொல்ல முன்னரே நீ "அம்மா, இது நல்ல எபிசோட், உப்பிடியே மைக்கிலை கதையுங்கோ" என்றாய். வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். மனதில் வைக்காதே. ஆனால் ஏன் ஆத்திரம் வந்தது என்பதை ஆறுதலாக இருந்து முழுதும் வாசி.

முதலில் என் பாடு எப்படிப் போகிறது என்று உனக்குத் தெரியவேண்டும். நீ ஒஸ்லோவில் இருந்து அட்டவணை போட்டு அனுப்புகிறாய், நாவலுக்குப் பச்சை, பொட்காஸ்டுக்குச் சிவப்பு, கூலிக்கு எழுதுவதற்கு மஞ்சள். இங்கே எல்லா நிறமும் ஒரே மேசையில் ஒன்றின் மேல் ஒன்று கிடக்கிறது. விடிய எழும்பி நாவலில் இரண்டு வரி எழுதினால், தொண்டு நிறுவனத்துப் பெட்டை போன் எடுத்து நிலக்கடலைச் செய்கை அறிக்கையின் மொழிபெயர்ப்பு மத்தியானத்துக்குள் வேண்டும் என்கிறாள். நிலக்கடலையை முடித்து நிமிர்ந்தால் பதிவு செய்கிற நேரம். அது என்ன இலேசா. பக்கத்து வளவில் கனடாக்காரர் மாடி எழுப்புகிறார்கள், மாபிள் வெட்டுகிற சத்தம் ஓய்ந்தால் பேக்கரி ஓட்டோ பாட்டுப் போட்டுக்கொண்டு வருகிறது, அது எங்கள் தெரு ஒழுங்கையைத் தாண்டினால் கோயில் ஒலிபெருக்கி. அலுமாரிக் கதவைத் திறந்து சேலைகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு, வேர்த்து விறுவிறுத்து, நீ அனுப்பிய மைக்கில் கதைக்கிறேன். அதைக் கேட்டுவிட்டு நீ "அம்மா, குரலிலை சந்தோசம் காணாது" என்று எழுதுகிறாய். அலுமாரிக்குள் நின்று யாருக்கடி சந்தோசம் வரும். நீ இதையெல்லாம் பிரீலான்ஸ் என்று கௌரவமாகச் சொல்கிறாய். ஒழுங்கையில் என்ன சொல்கிறார்கள் தெரியுமா, "றஜனி அக்கா சும்மாதானே வீட்டிலை இருக்கிறா" என்கிறார்கள். அதனால் பேச்சுப்போட்டிக்குப் பேச்சு, கல்யாண வாழ்த்து, பள்ளிக்கூட மலருக்கு முன்னுரை எல்லாம் என் தலையில். பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பது என்னைப் பார்த்துச் சொன்னது போலத்தான் இருக்கிறது. பதிப்பகத்துக்கு ஆனி முடிய முன் நாவல் போகவேண்டும், அது இன்னும் குறையாகக் கிடக்கிறது.

இந்த வேலைகளுக்குள் எனக்கு ஒழுங்காக வருவது கல்வெட்டு எழுதும் வேலைதான். ஊரில் ஆட்கள் செத்து மோசம் போவது நிற்கப் போவதில்லை, முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் படம் போட்ட அந்தச் சின்னப் புத்தகத்தைக் கொடுக்காமல் விடுகிற குடும்பமும் இங்கே இல்லை. தேவாரம் இருக்கிறது, வம்ச வரலாறு இருக்கிறது, பிள்ளைகள் எந்தெந்த நாட்டில் என்பது இருக்கிறது, இடையில் அந்த மனிசன் எப்படிப்பட்டவர் என்று இரண்டு மூன்று பக்கம் எழுதுவதுதான் என் வேலை. மருதனார்மடத்து ஏரம்பு ஐயாவின் கல்வெட்டு மாசியில் வந்தது. வெங்காயமும் புகையிலையும் செய்து இரண்டு ஆண்பிள்ளைகளையும் லண்டனுக்கு அனுப்பிய மனிசன். மூத்தவன் கேதீஸ்வரன் போனில் சொல்லச் சொல்ல எழுதினேன். அவர்களின் தாய் நல்லம்மா அக்காவோடு நான் அப்போது கதைக்கவில்லை, துக்கத்தில் இருக்கிறவரைக் கரைச்சல்படுத்த வேண்டாம் என்று கேதீஸ்வரன் சொல்லியிருந்தான். கல்வெட்டுக்கு நாளைத் தள்ளிப்போட முடியாது, முப்பத்தோராம் நாள் என்றால் அன்றைக்குத்தான். அச்சகத்தில் இருந்து போன் எடுத்து, அக்கா, பதினோராம் பக்கம் வெறுமையாக விழுகிறது, ஒரு பக்கம் தாருங்கோ என்றார்கள். அவர் குடும்பத் தலைவராக எப்படி இருந்தார் என்று ஒரு பக்கம் எழுதித்தான் வைத்திருந்தேன். அந்த நேரம் கரண்டும் இல்லை, நீ பதிவுக்காக ஒஸ்லோவில் காத்துக்கொண்டிருந்தாய், நான் அலுமாரிக்குள் நின்றபடியே கைத்தொலைபேசியில் தேடி அனுப்பினேன். அனுப்பியது என் நாவலின் பக்கம். பத்திரிகையில் ஆயுள் முழுக்க ஒப்புநோக்கிய நான், மற்றவர்களின் எழுத்தில் ஒரு குற்றுப்புள்ளி தவறினாலும் கண்டுபிடித்தவள், அதைத் திறந்து பார்க்காமல் அனுப்பினேன்.

அது எந்தப் பக்கம் என்று போனில் உனக்குச் சொல்ல நீ விடவில்லை, மறுநாள் நான் அனுப்பிய பிரதியை வாசித்தாயோ தெரியாது. அது உன் அப்பாவின் பக்கம். அவர் போனபோது பெரியப்பாவும் சித்தப்பாவும் ஆக்களைப் பிடித்துக் கல்வெட்டு அடித்தார்கள், அதில் அவர் பண்பின் சிகரம், பாசத்தின் உறைவிடம் என்று இருக்கிறது. ஊர்ச் செத்தவீடு முழுவதற்கும் எழுதுகிற எனக்கு என் மனிசனுக்கு ஒரு வரி எழுத வரவில்லை. பிறகு நாவலில்தான் வந்தது, அதுவும் பெயர் வைக்காமல், அவர் என்றும் மனைவி என்றும் மட்டும். அவருக்குக் கோபம் வந்தால் இரண்டு நாள் கதைக்க மாட்டார், சோற்றைப் போட்டால் சாப்பிடுவார், முகம் பார்க்க மாட்டார். ஆனால் விடிய நான் வேலைக்கு வெளிக்கிட வரும்போது என் சைக்கிளுக்கு இரண்டு சில்லுக்கும் காற்றடித்து, பனியில் நனைந்த சீற்றைத் துடைத்து, கேற் வரைக்கும் உருட்டிக்கொண்டு போய் விட்டிருப்பார். தான் மாமரத்துப் பக்கம் ஏதோ வேலை இருப்பது போல நிற்பார். அதை நானும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இவ்வளவுதான் அந்தப் பக்கம். நாவல் எழுதத் தொடங்கியதில் இருந்து எனக்கே நல்லது என்று பட்ட ஒரே பக்கம் அதுதான்.

முப்பத்தோராம் நாள் ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துக் கேதீஸ்வரன் லண்டனில் இருந்து போன் எடுத்தான். அழுதழுது கதைத்தான். "அக்கா, அப்பாவை அப்பிடியே உரிச்சு வைச்சிருக்கிறியள். அம்மா சைக்கிள் பழகினதே எங்களுக்குத் தெரியாது, நாங்கள் லண்டனுக்கு வெளிக்கிட்டாப் பிறகு போலை. அவர் உவ்வளவு அன்பா இருந்திருக்கிறார் எண்டு ஒரு நாளும் எங்களுக்குக் காட்டேல்லை" என்றான். அப்போதுதான் நான் ஓடிப்போய்ப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பதினோராம் பக்கத்தில் என் நாவல் பக்கம் கிடந்தது. அழுகிற பிள்ளைக்கு, தம்பி, அது உன் அப்பா இல்லை, என் மனிசன் என்று எந்த வாயால் சொல்வது. சொல்லாமல் விட்டேன். விட்டது தலைக்கு மேல் வந்தது. போன மாதம் அவன் மறுபடி எடுத்து, லண்டனில் நினைவுக் கூட்டம் வைக்கிறார்கள், இன்னும் புத்தகம் அடிக்கிறார்கள், அந்தப் பக்கத்தை என் குரலிலேயே நம் பொட்காஸ்டில் வாசிக்கவேண்டும் என்கிறான். நீயும் அதே பக்கத்தை எபிசோட் ஆக்கு என்கிறாய், அவன் ஒரு மாதிரி, நீ ஒரு மாதிரி. நாவலில் அதை அப்படியே விட்டால் ஏரம்பு ஐயாவின் கல்வெட்டில் இருந்து எடுத்தேன் என்று ஊர் சொல்லும். எடுத்துவிட்டால் நாவலில் நடுவில் பள்ளம். எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல். என் மனிசன் வேறொருவரின் படம் போட்ட அட்டைக்குள் படுத்திருக்கிறார், அதை நானே என் கையால் அனுப்பியிருக்கிறேன்.

ஆகவே மறுபதிப்புக்கு முன் அந்தப் பக்கத்தை எப்படியாவது எடுப்பிப்பது என்று முடிவு கட்டினேன். பிள்ளைகளிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை, தாயிடம் சொல்லலாம், அவர் பெரிய மனுசி, அவருக்கு விளங்கும் என்று நினைத்தேன். சனிக்கிழமை யாழ்ப்பாணம் போய் கே.கே.எஸ். பஸ் பிடித்து மருதனார்மடத்தில் இறங்கினேன். ஆஞ்சநேயர் கோயிலில் சனம் நெருக்கி நின்றது, சந்தைப் பக்கம் போகவே வழி இல்லை, வெயிலும் கொளுத்தியது, என் வாயில் நல்ல வார்த்தை ஒன்றும் இல்லை. நல்லம்மா அக்கா குசினியில் கதிரை போட்டு இருத்தி, தேத்தண்ணி தந்தார். வயது எழுபதுக்கு மேல், மெல்லிய உருவம், அதிகம் கதைக்காதவர். நான் சுற்றி வளைக்காமல் நடந்ததைச் சொன்னேன். பிழை என் பிழை, அந்தப் பக்கம் என் வீட்டுக்காரரைப் பற்றியது, உங்களுடைய ஆளைப் பற்றி எழுதிய சரியான பக்கம் இதோ இருக்கிறது, புதுப் புத்தகத்தில் இதைப் போடச் சொல்லுங்கோ என்று கடதாசியையும் நீட்டினேன்.

அவர் கடதாசியை வாங்கவில்லை. "எனக்குத் தெரியும் பிள்ளை" என்றார். எனக்கு விளங்கவில்லை. அவர் தேத்தண்ணிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே சொன்னதை, எனக்கு ஞாபகம் இருக்கிறபடி அப்படியே எழுதுகிறேன். "நான் பிறந்ததிலை இருந்து சைக்கிள் ஓடினதில்லை. எங்கடை மனிசன் கோவிச்சால் கோவிச்சதுதான், பிறகு காத்தடிக்கிறதும் இல்லை, ஒண்டும் இல்லை. ஆள் கெட்டவர் எண்டில்லை, தோட்டமும் வேலையும்தான், என்னைத் திரும்பிப் பார்க்க அவருக்கு நேரம் வரேல்லை. முதல் நாள் வாசிக்கேக்கையே உது ஆரோ வேறை ஆள் எண்டு விளங்கிட்டுது. ஆனா பிள்ளையள் ரெண்டும் ரெலிபோனிலை அழுறாங்கள், அம்மா, அப்பா உங்களிலை உயிரா இருந்திருக்கிறார் எண்டு. நான் என்னெண்டு இல்லை எண்டு சொல்லுறது." பிறகு, "பின்னேரத்திலை முத்தத்துச் சருகு கூட்டிப்போட்டு வந்து அதை ஒருக்கா வாசிப்பன். நல்லாயிருக்கும். அதை எடுத்துப்போடாதை பிள்ளை" என்றார். அவர் கெஞ்சவில்லை, அழவும் இல்லை, மரக்கறிக்காரனிடம் இன்னும் இரண்டு கத்தரிக்காய் போடச் சொல்வது போலத்தான் சொன்னார்.

நான் ஓம், எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பெருந்தன்மை என்று நினைக்காதே. பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போது எனக்கு எரிச்சல்தான், கண்ணீரும் எரிச்சலில்தான் வந்தது. இத்தனை வேலையை ஒரே ஆள் இழுத்துப் போட்டதால் வந்த வினை, யாரை நோகிறது. நாவலுக்கு அந்த இடத்தில் வேறு எதையாவது எழுதவேண்டும், அது அவ்வளவு நல்லாய் வராது, எனக்கே தெரியும். பதிப்பகத்துக்கு ஒரு மாதம் பிந்தும் என்று எழுதிவிட்டேன், அவர்கள் முகத்தைச் சுழிப்பார்கள், சுழிக்கட்டும். ஆனால் ஒன்றை யோசித்துப் பார் மகள். என் சைக்கிளுக்குக் காற்றடித்தது எனக்கு நடந்தது. எத்தனையோ விடியல் அந்தச் சீற்றில் ஏறி நான் வேலைக்குப் போனேன். அந்த மனுசிக்கு அது வாசிக்க மட்டும்தான் கிடைத்திருக்கிறது, அதுவும் என் பிழையால். இதில் நான் எதைத் திருப்பிக் கேட்பது?

அதனால் எபிசோட் இல்லை. நீ சும்மா ஒரு பகிடியாக விட்டாலும் அன்றைக்கே லண்டனில் கேட்பார்கள், அந்தப் பிள்ளைகள் தாய்க்குப் போன் எடுத்துக் கேட்பார்கள், அவர் என்ன சொல்வார். கேதீஸ்வரனுக்கு என் தொண்டை சரியில்லை, வாசிக்க ஏலாது என்று சொல்லிவிட்டேன், அது முழுப் பொய்யும் இல்லை. இந்த வெள்ளிக்கிழமைக்கு நீயே ஏதாவது கதைத்துச் சமாளி. இனி மூன்று நிறத்தில் இரண்டுதான் என்னால் ஏலும், எதை விடுவது என்று நான்தான் முடிவெடுப்பேன், நீ அட்டவணை அனுப்பாதே. உன்னைக் கேளாமல் உன் அப்பாவைக் கொடுத்துவிட்டேன், உனக்குக் கோபம் வரும். வந்தால் வந்ததுதான், அவர் பிள்ளைதானே, இரண்டு நாள் கதைக்காமல் இருந்துவிட்டுப் போன் எடு.

குளிருக்குள் தலை நனையத் திரியாதே, இரத்தம் குறைவு என்று டொக்டர் தந்த குளிசையை ஒழுங்காகப் போடு, மருமகனைக் கேட்டதாகச் சொல். முருகன் உங்கள் இரண்டு பேருக்கும் துணை நிற்பான், நீங்கள் நினைத்தது நல்லபடி நடக்கும். மறக்காமல் ஒன்று. அந்தப் பக்கத்தின் பிரதி உன்னிடம் இருக்கிறது. அழித்துவிடு என்று எழுதத்தான் இந்த வரியைத் தொடங்கினேன், கை வரவில்லை. வைத்திரு. ஒருவருக்கும் அனுப்பாதே, நீ மட்டும் வாசி.

இப்படிக்கு,
உன்னில் கோபமும் அன்பும் குறையாத அம்மா,
றஜனி