ஹாரன் நிற்காத தண்ணீர் லாரி

அன்பு மகள் சிட்டுவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நான் நலம், என் முட்டிவலி என்னைவிட நலம், உன் அம்மா எங்கள் இருவரையும்விட நலமாக இருக்கிறாள், முந்தாநாள் முதல் அவளுக்குக் கால் தரையில் படவில்லை. நீ எப்படி இருக்கிறாய், போன கடிதத்தில் எழுதியிருந்த இருமல் விட்டதா, விடவில்லை என்றால் டாக்டரிடம் போ, வந்தது போல் தானே போகும் என்று அம்மா மாதிரி உட்கார்ந்திருக்காதே. அந்தச் சிடுமூஞ்சி மேலாளர் இப்போதாவது சிரிக்கிறாரா, அவரிடம் ஒரு வேலை இருக்கிறது, அதைக் கடைசியில் சொல்கிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், உன் அம்மாதான் விடவில்லை. பாதிக்கதையில் நான் சிரித்து உனக்கு ஒன்றும் புரியாமல் போகுமாம், உட்கார்ந்து ஒழுங்காக எழுதச் சொல்லிவிட்டாள். கடையில் மூன்று சட்டைக்குத் துணி வெட்டாமல் கிடக்கிறது, கிடக்கட்டும், சட்டை இல்லாமல் யாரும் ஓடிப்போய்விட மாட்டார்கள். விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் பதக்கம் ஏட்டில் ஏறப்போகிறது. ஆமாம் கண்ணு, அதே பதக்கம்தான். பதினேழு மனு போட்டுப் பதினேழுக்கும் இல்லை என்று பதில் வந்ததே, அதேதான்.

கதை உனக்குத் தெரிந்ததுதான், ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்குக் கை ஓடும். அம்மா பட்டாளத்தில் சலவை வண்டி ஓட்டினாள். பெண்களைப் பின்வரிசைக்குத்தான் விடுவார்கள், அதனால் அவளுடைய பணிப்பதிவேட்டில் மொத்தச் சண்டைக்கும் சேர்த்து ஒரே வரிதான் இருந்தது, பின்வரிசையில் சலவை வாகனம் ஓட்டினார் என்று. ஆனால் ஒரு நாள் காலையில் அவள் வேறு ஒருவருடைய தண்ணீர் லாரியை எடுத்துக்கொண்டு முன்வரிசைக்கே போனாள், நாலா பக்கமும் சுற்றி வளைக்கப்பட்டிருந்த காவல்நிலைக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, காயம்பட்ட ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு திரும்பினாள். போகும்போது ஹாரன் சிக்கிக்கொண்டு வழி முழுக்க நிற்காமல் அலறியது, எதிரிக்குக் காது கேட்காமல் இருந்தால்தான் உண்டு. மறுநாள் முகாமில், அந்தத் தண்ணீர் லாரி ஓட்டுநர் பேரைப் போர்முனைப் பதக்கத்துக்கு எழுதி அனுப்பிவிட்டதாக அறிவித்தார்கள். அவ்வளவுதான், அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. ஊருக்கு வந்ததும் மனு எழுத ஆரம்பித்தாள். பதக்கம்கூட வேண்டாம், நான் அங்கே போனேன் என்று ஏட்டில் ஒரு வரி எழுதுங்கள் போதும் என்றுதான் ஒவ்வொரு மனுவிலும் கேட்டாள். ஒவ்வொரு பதிலிலும் ஒரே கேள்வி வரும், அது யாருடைய லாரி, அவருக்குப் பதில் நீங்கள் ஏன் ஓட்டினீர்கள். அதற்கு மட்டும் பதில் சொல்ல மாட்டாள். அவர்களிடம் மட்டுமில்லை, கட்டின புருஷன் என்னிடமும் சொன்னதில்லை.

பெரியப்பா வீட்டுச் சாப்பாட்டு மேஜை உனக்கு ஞாபகம் இருக்கும், அப்போது உனக்கு ஒன்பது வயது. அண்ணன் தலைமைக் குமாஸ்தா அல்லவா, சோற்றைப் பிசைந்தாலும் ஆதாரம் கேட்கிற ஆள். யாருடைய லாரி என்று அன்றைக்கு உன் அம்மாவைக் கேட்டார். தலையே போனாலும் சொல்ல மாட்டேன் என்றாள். ஹாரன் அடித்துக்கொண்டு எதிரி முன்னால் போனவளுக்குப் பதக்கம் எப்படிக் கொடுப்பார்கள், அபராதம்தான் போட்டிருப்பார்கள் என்றார் அண்ணன். மேஜையே குலுங்கிற்று. நீ மட்டும் சிரிக்காமல், லாரி என்ன நிறம் என்று கேட்டாய். பச்சை, ஓட்டுநர் பக்கத்துக் கதவு மட்டும் நீலம், பழைய கதவு பிய்ந்துபோய் வேறு வண்டிக் கதவை மாட்டியிருந்தார்கள் என்று அம்மா உனக்கு மட்டும் பதில் சொன்னாள். அதற்கப்புறம் யாரிடமும் அவள் அந்தக் கதையை எடுத்ததே இல்லை, மனு மட்டும் விடாமல் போய்க்கொண்டிருந்தது.

இந்தத் தடவை நேரில் வரச்சொல்லி ஓலை வந்தது, இதுதான் கடைசி விசாரணை, இதிலும் ஆதாரம் இல்லையென்றால் கோப்பை நிரந்தரமாக மூடிவிடுவோம் என்று. உன் அம்மா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் துணைக்குப் போனேன். பதிவு அலுவலகம் நாலு மாடி, ஒரே நடைபாதை, சுவரெல்லாம் மருந்துக்கடை வெள்ளை. இடது கைப்பக்கம் சேர்த்தல் பிரிவு, வலது கைப்பக்கம் நீக்கல் பிரிவு, நடுவில் ஒரு நீள பெஞ்சு. பழைய பட்டாளத்துக்காரர்களுக்கு மாதத்தில் ஒரு நாள்தான் கதவு திறப்பார்கள், அதனால் பெஞ்சில் இடமே இல்லை. அம்மா டோக்கன் வாங்க உள்ளே போய்விட்டாள். எனக்குப் பக்கத்தில் ஒரு பெரியவர் மடியில் தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், சட்டையின் இரண்டாவது பட்டன் ஒற்றை நூலில் ஊசலாடிக்கொண்டிருந்தது. என்னைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே, பட்டன் தொங்குகிறதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. காலருக்குள் குத்தியிருந்த ஊசியை எடுத்து, அசையாமல் இருங்கள் என்று சொல்லித் தைக்க ஆரம்பித்தேன். தைக்கும்போது பேச்சு கொடுக்காவிட்டால் எனக்குத் தையல் ஓடாது, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன். ஒரு பதக்கத்தைத் தன் பேரிலிருந்து எடுக்கச்சொல்லி வந்திருப்பதாகச் சொன்னார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, நாங்கள் ஒன்றைச் சேர்க்கச்சொல்லி வந்திருக்கிறோம், உங்களுடையதை எங்களுக்குக் கொடுத்துவிடுங்கள், இருவருக்கும் வேலை முடிந்தது என்று கிண்டலடித்தேன். அவரும் சிரித்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், அது தன்னுடையது இல்லையாம், அன்றைக்கு வண்டி ஓட்டியது வேறு ஆளாம், முப்பத்தேழு வருஷமாக எழுதிக்கொடுக்கிறாராம், யார் ஓட்டினது என்று சொல்லாமல் எடுக்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிடுகிறார்களாம். சொல்லிவிட வேண்டியதுதானே என்றேன்.

"தலையே போனாலும் சொல்ல மாட்டேங்க," என்றார்.

சிட்டு, எனக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது. இந்த வாக்கியத்தை இதே வார்த்தைகளோடு முப்பத்துமூன்று வருஷமாக என் வீட்டில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நூலைக்கூட அறுக்காமல், அவர் சட்டையைப் பிடித்தபடியே, அது தண்ணீர் லாரியா என்று கேட்டேன். அவர் தகரப் பெட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். எனக்கு வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை, உன் கேள்வி ஒன்றுதான் ஞாபகத்துக்கு வந்தது. ஒரு கதவு மட்டும் நீலமா என்று கேட்டேன். பெரியவர் எழுந்து நின்றுவிட்டார், நானும் கூடவே எழுந்தேன், பட்டன் இன்னும் என் கையில் இருந்தது. அந்த நேரம் பார்த்து உன் அம்மா டோக்கனோடு வெளியே வந்தாள். ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு அந்த நாலு மாடியும் அதிர, "கரண்டி!" என்று ஒரு சத்தம் போட்டாள். காவலாளி ஓடிவந்தார், பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப் பேர் பழக்கதோஷத்தில் விறைத்து நின்றுவிட்டார்கள்.

சமையல் பிரிவுக்குத் தண்ணீர் லாரி ஓட்டியவர் என்பதால் முகாமில் அவருக்குக் கரண்டி என்று பேராம். அன்றைக்குக் காலையில் அவருக்குப் பொன்னுக்குவீங்கி, கன்னம் இரண்டும் பலூன் மாதிரி வீங்கிக் காய்ச்சல் கொதித்ததாம். நோயை மறைத்ததும் தப்பு, வேலைக்குப் போகாமல் படுத்ததும் தப்பு, சண்டை நேரத்தில் அதற்குச் சிறையே கிடைக்குமாம். நீ போய்ப் படு, நான் ஓட்டுகிறேன், எந்தக் காலத்திலும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று உன் அம்மா சத்தியம் செய்துகொடுத்திருக்கிறாள். உத்தரவில்லாமல் முன்வரிசைக்குப் போன பெண்ணுக்கு என்ன தண்டனை வருமோ என்று அவரும் பதிலுக்குச் சத்தியம் செய்திருக்கிறார். அன்றைய ஓட்டுநர்கள் பேர் எழுதும் பலகையில் அவர் பேர் இருந்ததால் பதக்கம் அவர் ஏட்டில் ஏறிவிட்டது. அவர் ஆஸ்பத்திரிக்கும் இவள் வேறு முகாமுக்குமாகப் போய், அதற்குப் பிறகு ஒருவரை ஒருவர் பார்க்கவே இல்லை. இந்தப் பக்கம் இவள் அவரைக் காட்டிக்கொடுக்காமல் சேர்க்கச்சொல்லி எழுத, அந்தப் பக்கம் அவர் இவளைக் காட்டிக்கொடுக்காமல் நீக்கச்சொல்லி எழுத, இரண்டு கோப்பும் எதிரெதிர் அறையில் ஒன்றை ஒன்று பார்க்காமலே தடித்துக்கொண்டிருந்திருக்கின்றன. அந்த இரண்டு அறைக் குமாஸ்தாக்களும் தினமும் ஒரே மேஜையில் சாப்பிடுகிறவர்களாம், இதைக் கேட்டதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள் பார், அதற்கே பஸ் ஏறிப் போகலாம்.

பெரியவர் தகரப் பெட்டியைத் திறந்தார். பதக்கம் வெள்ளைத் துணியில் சுற்றி இப்போது செய்தது போல் மின்னியது, மாதம் ஒரு தடவை துடைப்பாராம், மற்றவர் பொருள் நம்மிடம் இருக்கும்போது கறுக்கக் கூடாது என்றார். அதன் கீழே பாராட்டுப் பத்திரம். அதிகாரி ஒரு சின்ன வயது அம்மாள், கண்ணாடி போட்டவர், அதை எங்கள் முன்னால் வாய்விட்டுப் படித்தார். எதிரியின் குண்டுவீச்சுக்கிடையே ஒலிப்பானை இடைவிடாது முழக்கி, சூழப்பட்டிருந்த வீரர்களுக்குத் தம் வருகையை அறிவித்து, அவர்களது மன உறுதியை உயர்த்திய ஓட்டுநரின் துணிச்சலைப் பாராட்டி என்று எழுதியிருந்தது. மன உறுதியாவது ஒன்றாவது, அந்தச் சத்தத்தில் எனக்கே அழுகை வந்தது என்றாள் உன் அம்மா. அதிகாரி அம்மாள் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் சிரிக்கவில்லை. அந்த ஹாரனுக்குத்தானே அன்றைக்கு மேஜையே குலுங்கிற்று. அந்த ஹாரனே பத்திரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

இரண்டு பேரும் வாக்குமூலம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பதக்கம் அம்மாவின் ஏட்டுக்கு மாறும், ஆனால் விதி விதிதான் என்று சொல்லி, உத்தரவில்லாமல் வாகனம் எடுத்ததற்காகக் கண்டிக்கப்பட்டார் என்று அதே பக்கத்தில் இன்னொரு வரியும் எழுதுவார்களாம். கரண்டிக்கும் நோயை மறைத்ததற்கு ஒரு கண்டனம். உன் அம்மா பதக்கத்துக்குக்கூட அவ்வளவு சந்தோஷப்படவில்லை, கண்டனத்துக்கு வாயெல்லாம் பல். ஒரு வரிக்கு மூன்று வரி ஆயிற்று என்று வழி முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தாள். கரண்டியும் எங்களோடு வந்து சாப்பிட்டார், பாத்திரத்தையும் அவரே கழுவினார், பட்டனையும் ஒரு வழியாகத் தைத்து முடித்தேன். மறுநாள் பத்திரத்தின் நகலோடு பெரியப்பாவிடம் போனேன். ஆதாரம் கேட்டீர்களே என்று நீட்டினேன். இரண்டு தடவை படித்தார், முத்திரையைத் தடவிப் பார்த்தார், பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு என் கூடவே கிளம்பி வந்து உன் அம்மா முன்னால் நின்று, தப்புதான் என்றார். அவர் வாழ்க்கையில் ஆதாரத்தோடு சொன்ன முதல் தப்பு இதுவாகத்தான் இருக்கும்.

இப்போது என் தப்பு. விழாவுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள், உடன் வரும் குடும்பத்தார் ஒருவர் என்று ஒரு கட்டம் இருந்தது. நான் காலரைச் சரிசெய்துகொண்டு தயாராக உட்கார்ந்திருந்தேன். அவள் உன் பேரை எழுதினாள். ஏன் என்று கேட்டேன், லாரி என்ன நிறம் என்று கேட்டது அவள் ஒருத்திதானே என்றாள். அப்போதுதான் இருபத்துமூன்று வருஷமாகத் தொண்டையில் கிடந்ததைச் சொன்னேன், அன்றைக்கு மேஜையில் நானும் சிரித்தேன், உன்னை முழுசாக நம்பினதில்லை, மன்னித்துவிடு என்று.

"தெரியும். எல்லாரும் சத்தமாச் சிரிச்சாங்க, நீங்க தட்டைப் பாத்துச் சிரிச்சீங்க," என்றாள். கோபமே இல்லை, அதுதான் எனக்கு வலித்தது. பிறகு என் தோளில் ஒட்டியிருந்த நூலை எடுத்துப் போட்டுவிட்டு, "நீங்க கேட்டுக்கு வெளியில நில்லுங்க. வாங்கிக்கிட்டு நம்ம வேன்ல வரும்போது ஹாரன் அடிக்கிறேன். இந்தத் தடவை வேணும்னே அடிப்பேன்," என்றாள்.

ஆகவே கண்ணு, அடுத்த மாதம் இருபத்திரண்டாம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணி. அந்தச் சிடுமூஞ்சியிடம் இந்தக் கடிதத்தைக் காட்டி லீவு கேள், சிரித்தால் கொடுத்துவிடுவார், சிரிக்காவிட்டால் பெரியப்பாவிடம் சொல்லி ஆதாரத்தோடு ஒரு மனு அனுப்பச் சொல்கிறேன். உன் தோள் அளவையும் கை அளவையும் உடனே எழுது, ஸ்வெட்டருக்கு மேல் எடுக்காதே. அம்மாவுக்குக் கோட்டு வெட்டியாயிற்று, உனக்கும் அதே துணியில் ஒன்று தைக்கிறேன். கேட்டுக்கு வெளியே நானும் கரண்டியும் பெரியப்பாவும் வரிசையாக நிற்போம், ஹாரன் கேட்டதும் எந்த மூன்று கிழவர்கள் துள்ளிக் குதிக்கிறார்களோ அவர்கள்தான் உன் ஆட்கள். இருமலை மறக்காதே. வேளாவேளைக்குச் சாப்பிடு. உடம்பிலும் மனசிலும் ஒரு குறையும் இல்லாமல், உன் அம்மாவின் தைரியமும் உன்னுடைய அந்த ஒன்பது வயதுக் கேள்வியும் கடைசிவரை உன்கூட இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் வாழ்த்துகிறோம்.

இப்படிக்கு,
கேட்டுக்கு வெளியே நிற்கப்போகிற
உன் அப்பா