செல்லையாவின் அரிசிப்பை

விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் பெரிய கப்பல்கள் வரத் தொடங்கி இரண்டாவது ஆவணி, செவ்வாய் இரவு. எனக்கு எழுத வராது. போனில் சொல்கிறேன், அது எழுதிக்கொள்கிறது.

இன்று சாலைக் கடைத்தெரு டீக்கடையில் செல்லையா எல்லார் முன்னாலும் என்னைக் காட்டி, "இவன் மூட்டைய நழுவ விட்டுத்தான் என் முதுகு போச்சு" என்றான். நழுவ விட்டது அவன். நாற்பது வருஷமாக இதையே சொல்கிறான். நான் கையை ஓங்கிவிட்டேன்.

நாங்கள் சேர்ந்து சுமை தூக்கிய காலத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. தலையில் மூட்டை இருக்கும்போது யார் ஏசினாலும் பதில் பேசக் கூடாது. இறக்கிவிட்டுத்தான் பேச வேண்டும். இறக்குவதற்குள் பாதிக் கோபம் போய்விடும். இன்று என் தலையில் ஒன்றுமில்லை. அதனால் அவன் வாங்கிப் பக்கத்தில் வைத்திருந்த அரிசிப்பையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தேன்.

"லே, எங்க கொண்டு போற? எனக்கு பஸ் அந்தப் பக்கமாக்கும்" என்று பின்னாலேயே வந்தான்.

"இறக்கின பொறவு சொல்லுதேன்."

இறக்கியபோது எனக்கு மூச்சு வாங்கியது. ஏச ஒன்றும் வரவில்லை. "நாளைக்கும் வருவியா?" என்று மட்டும் செல்லையா கேட்டான்.

கழுத்து வலிக்கிறது. கோபமும் முழுதாகப் போகவில்லை. ஆனால் அடித்திருந்தால் அவன் இனி டீக்கடைக்கு வரமாட்டான். எங்கள் கூட்டத்துப் பதினான்கு பேரில், என்னைத் தவிர, உயிரோடு இருப்பது செல்லையா மட்டும்தான்.