மேடையில் உட்கார வைத்தார்கள்

கொலோன், 13 மார்ச் 1971, சனி

கோபம் இன்னும் அடங்கவில்லை. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மா மிலிட்சா இளவயதில் செர்பியாவில் பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்டு ஊர் ஊராகப் போய்ப் பேசியவர். இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார். இன்றைய பெண்கள் கூட்டத்தில் பேச வேண்டுமென்று அவரை அழைத்ததே என் தோழி இங்கிரிட்தான். கிழவி ஒரு வாரமாகச் சமையலறையில் ஜெர்மனில் பேசிப் பழகினார்.

மேடையில் உட்கார வைத்துப் பூச்செண்டு கொடுத்தார்கள். பிறகு ஒரு பேராசிரியர் எழுந்து அவர் வாழ்க்கையை அவருக்கே நீட்டி முழக்கிச் சொன்னார். கைதட்டினார்கள். மிலிட்சாவைப் பேசக் கூப்பிடாமலே கூட்டம் முடிந்துவிட்டது.

"ஏன் இப்படிப் பண்ணினே?" என்று இங்கிரிட்டைக் கேட்டேன்.

"அவங்க உச்சரிப்பு யாருக்கும் புரியாது. உனக்குத் தெரியாதா?" என்றாள்.

என் உச்சரிப்பைப் பற்றியும் இப்படித்தான் நினைத்திருப்பாளோ, இத்தனை வருஷமும்?

டிராமிலிருந்து இறங்கும்போது மிலிட்சா சொன்னார்: "அப்போது ஆண்கள் கதவைச் சாத்தினார்கள். தட்டவாவது முடிந்தது."